வெள்ளைக்கு நடுவே ஒரு வரப்பு

வானூரில் மொசைக் தரைக்குக் கல் பார்க்கப் போன கடையில், என் புருஷன் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு மானமே போனது.

"அது உப்பு இல்ல மாமா. மார்பிள்."

"தெரியும். கை பழக்கம்" என்று சொல்லிவிட்டு, கல்லைக் கீழே போடாமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

தட்டுத் தட்டாகக் கல் வைத்திருந்தார்கள். காய்ந்த கல்லைப் பார்த்தால் எல்லாமே புழுதி படிந்த மாதிரிதான் இருக்கிறது. கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தார், அப்புறம்தான் நிறம் எழுந்தது. பாலிஷ் போட்டால் இந்த நிறம் நிலைத்து நிற்கும் என்றார். கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டன. என் புருஷன் முருகையன் மட்டும் வெள்ளைத் தட்டை விட்டு நகரவில்லை.

"வூடு முழுக்க வெள்ளையே போட்டுடலாம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இருவத்தாறு வருஷம் உப்பளத்துல அந்த வெள்ளைய பாத்துப் பாத்து கண்ணே அவிஞ்சி போச்சு. வூட்டுக்குள்ளயுமா? நானு வெள்ளப் பூனைய கூட உள்ள விடமாட்டேன்!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. கண் போய்க்கொண்டிருப்பது எனக்கு இல்லை, அவருக்கு.

புதுச்சேரியில் பெரிய டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். கண் நரம்பு பலவீனமாகிவிட்டது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இதை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். புயலில் கூரை போன பழைய வீட்டில் அவருக்கு ஒவ்வொரு சுவரும் கைக்குத் தெரியும். புது வீடு கட்டி முடியும்வரை தங்கியிருக்கும் வாடகை வீட்டில் குடத்தில் இடிக்கிறார், கதவில் இடிக்கிறார். குயிலாப்பாளையத்தில் வேலை செய்யும் மகள் பூவிழியைப் பார்க்கப் போனபோது, அவள் அறையின் வழவழ டைல்ஸில் சறுக்கி விழுந்தார். டைல்ஸே வேண்டாம், மொசைக் போடுங்கள் என்று அவள் அழுதது அதற்குத்தான்.

ஆனால் மொசைக்கும் அவர் மனசை மாற்றவில்லை. "நீ போய் புது வூட்டுல இரு. நானு உப்பளத்துக் கொட்டாயிலயே படுத்துக்கறேன்" என்று மாசக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "உன் கைய புடிச்சினு கக்கூசுக்குப் போவ நான் இன்னா கைக்குழந்தையா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓர் இரவுகூட நாங்கள் தனித்தனியாகப் படுத்ததில்லை, பிரசவத்துக்குப் போனதைத் தவிர. அவர் இல்லாத வீட்டுக்குத் தரை பச்சையாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன? இருந்தாலும் கடையில் நின்று சண்டை போட்டேன். கடைசியில் படுக்கிற அறைக்கு மட்டும் வெள்ளை, மற்ற இடத்துக்கெல்லாம் என் நிறம் என்று முடிந்தது. வீட்டுக்கு வரமாட்டேன் என்கிற மனுஷனுக்கு எதற்கு வெள்ளை மேல் இவ்வளவு பிடிவாதம் என்று பஸ்ஸில் வரும்போதுகூட முணுமுணுத்தேன்.

வெள்ளைக் கல்தான் முதலில் வந்து இறங்கியது. மேஸ்திரி ராஜாங்கம் அதைத் தூசி போக அலசி, புது வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் காயக் கொட்டியிருந்தார். அதற்கு இந்தப் பக்கம், செங்கல் மேல் அடுக்கிய ஆறு மூட்டை சிமெண்ட். அதன் மேல் தார்ப்பாய். முருகையனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மேஸ்திரி உள்ளே மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணி இருக்கும். கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து, நாலு சொட்டு விழுந்ததுதான் தாமதம். "மழ! மழ!" என்று தெருவே அதிரக் கத்தினார் என் புருஷன். வாடகை வீட்டிலிருந்து நான் ஓடி வருவதற்குள், சிமெண்ட் மேல் கிடந்த தார்ப்பாயை உருவி, வெள்ளைக் கல் குவியல் மேல் போர்த்திவிட்டார். போர்த்தியது மட்டுமா? சுற்றி வந்து ஓரத்தைச் செருகி, காற்றுக்குத் தூக்காமல் மேலே செங்கல் வைத்து, உப்புக் குவியலுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். ஆறு மூட்டை சிமெண்டும் கொட்டுகிற மழையில் நனைந்தது.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, கல்லு கரைஞ்சா போயிடும்? கரையறத விட்டுட்டு கல்லுக்குப் பாய் போத்தி இருக்கியே!"

எதிர் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். உப்பளத்துக்காரன் புத்தி எங்கே போகும் என்றார்கள். மேஸ்திரியும் சிரித்தார். முருகையனும் சிரித்தார், ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. நான் அவர் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. சிமெண்ட் அடுக்கியிருந்த செங்கலில் இடித்திருக்கிறார்.

உள்ளே கூட்டிப் போய்த் துணி கட்டினேன். "மூட்ட தெரியலியா மாமா?"

கட்டின துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மூட்டையும் தெரியல, தரையும் தெரியல. எல்லாம் ஒரே மந்தாரமா இருக்குது. வெள்ள மட்டுந்தான் நல்லா தெரியுது அமராவதி. அதான் வெள்ள கேட்டேன்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன். கேட்காமலே புரிந்துகொண்டிருக்கலாம் நானும்.

மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து அளத்தில் மறுபடி வேலை தொடங்கியது. மதியச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் பாத்தியில் உப்பு பூத்துக் கண்ணைக் குத்தியது. நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கறுத்த மண் வரப்பு. அதன் மேல் என் புருஷன் தலையில் உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்தார். தடவவில்லை, தயங்கவில்லை. கொட்டாயண்டை வரப்பு வளைகிற இடத்தில் அவரும் வளைந்தார். வாடகை வீட்டில் குடத்தில் இடிக்கிற அதே ஆள்.

"சுமை வருது!" என்று குரல் கொடுத்தார்.

அளத்தில் அது சட்டம். வரப்பில் எதிரெதிரே வந்தால் வெறுங்கையோடு வருகிறவர்தான் இறங்கி வழி விட வேண்டும், அது முதலாளியே ஆனாலும். சோற்றுத் தூக்கு சுமையில் சேராது, நான் பாத்திக்குள் காலை வைத்தேன். உப்புத் தண்ணீர் பாத வெடிப்பில் சுரீர் என்று ஏறியது. அவர் என்னைக் கடந்து நேராகப் போனார். அந்த வரப்பையும் அந்த முதுகையும் பார்த்துக்கொண்டே நின்றேன். சோற்றைக் கொட்டாயில் வைத்துவிட்டு நேராக மேஸ்திரியிடம் போனேன்.

"வூடு முழுக்க வெள்ள போடுங்க. நடுவுல கறுப்புல ஒரு வரப்பு போடுங்க" என்றேன்.

"வரப்பா? தரையிலயா?"

"ஒரு முழம் அகலம். படுக்கற எடத்துலேர்ந்து கூடம், கூடத்துலேர்ந்து அடுப்பங்கரை, அங்கேர்ந்து பின்னால கக்கூசு. வாசலுக்கு ஒரு கிளை. மேடு வேணாம், நிறம் மட்டும் போதும்."

"அக்கா, ஓரத்துல பார்டர் போடுவாங்க. நடு வூட்டுல ரோடு யாரு போடுவாங்க? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அன்னைக்குத்தான் வயிறு வலிக்க சிரிச்சீங்களே, இதுக்கும் சிரிங்க."

ராஜாங்கம் ஒரு குச்சியால் மணலில் அந்த வழியைக் கிழித்துப் பார்த்தார். மறுநாள் அவரே என்னோடு வானூருக்கு வந்தார். வெள்ளையே ஆகாது என்று சண்டை போட்ட பொம்பளை வெள்ளையாகக் கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கறுப்பில் மூன்று தட்டு எடுத்து வைத்தார். தண்ணீர் தெளித்தேன். ஒன்று பச்சை கலந்த கறுப்பு, ஒன்றில் நரைமுடி போல வெள்ளைக் கோடு. மூன்றாவது நனைந்த வரப்பு மண்ணின் கறுப்பு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூன்றையும் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, மூன்றாவதை எடுத்தேன். பச்சையும் சிவப்பும் இருந்த தட்டுகளை ஒருதரம் திரும்பிப் பார்க்கத்தான் செய்தேன். ஆசை இல்லாமல் இல்லை.

தரை போட்டு, ஊற வைத்து, மெஷினால் மூன்று முறை தேய்த்து முடிக்க மூன்று வாரமானது. அதுவரை வேலை நடக்கிற பக்கமே அவரை வரவிடவில்லை. வரவும் அவருக்கு ஆசை இல்லை. கொட்டாய்க்குப் புதுப்பாய் வாங்கி வைத்திருந்தார்.

பாலிஷ் போட்டு முடித்த மறுநாள் காலையில், பூவிழி வருகிறாள் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். மகளும் வந்திருந்தாள். நிலைப்படியில் அவர் கை நிலையைப் பிடித்துக்கொண்டது. அப்பா கையைப் பிடிக்கப் பூவிழி எழுந்தாள். நான் கண்ணாலேயே அவளை உட்கார வைத்தேன்.

அவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே நின்றார்.

"வரப்பு போட்டிருக்கியா?"

"ஆமா மாமா."

"உனக்கு வெள்ள ஆவாதே."

"உன்ன விட்டுட்டு இருக்கறதுதான் எனக்கு ஆவாது."

நிலையிலிருந்து கையை எடுத்தார். கறுப்பின் மேல் ஒரு கால் வைத்தார், அடுத்த கால் வைத்தார். பத்தடி போவதற்குள் நடை அளத்து நடையாகிவிட்டது. கூடத்தில் வளைகிற இடத்தில் வளைந்தார். அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நான் பதறி அந்தக் கறுப்பு வழியிலேயே ஓடினேன்.

எதிரே வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சொம்பு, விளிம்பு வரை தண்ணீர். எனக்காகத்தான்.

"சுமை வருது!" என்றார்.

நான் வெறுங்கையோடு நின்றிருந்தேன். வெள்ளையில் இறங்கி வழி விட்டேன்.