விளிம்பில்லாத டேப்

அவள் கண்டக்டர். அவர் அதே பேருந்தின் டிரைவர். அவள் மணி அடித்தால்தான் வண்டி நகரும். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அதுவே சட்டமாயிற்று. அவர் கதையளக்க ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். மனிதர் வாயை மூடிவிடுவார்.

பக்கவாதம் வந்து அவளுக்குப் பேச்சு போனபின், அவளுக்குப் பதிலாகப் பேச மருத்துவமனை ஒரு கைக்கணினி கொடுத்தது, டேப் என்றார்கள். செங்கல் கனம். திரை நிறையப் படக்கட்டங்கள், சுற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு ரப்பர். கட்டத்தைத் தொட்டால் ஒரு சொல் ஒலிக்கும். 'யோவ்' என்ற சொல்லுக்கு முதல் வாரமே தனிக்கட்டம் போட வைத்தாள். ரப்பரில் தட்டினால் டேப்புக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கு மட்டும் கேட்கும். பாதிச் சண்டை அந்த ரப்பரிலேயே நடந்தது.

பிறகு, அந்த மாடலுக்கு இனி மென்பொருள் கிடையாது என்றார்கள். கம்பெனிப் பெண் ஒருத்தி புதியதைக் கொண்டுவந்து துண்டை விரிப்பதுபோல் அவள் மடியில் விரித்தாள். விளிம்பே இல்லை. முன்னும் திரை, பின்னும் திரை.

"கட்டம் எல்லாம் தேட வேணாம்மா. உங்க கண்ணைப் பார்த்தே முழு வாக்கியமா எழுதிடும். சரின்னா எங்க வேணா ஒரு தட்டு, பேசிடும். வேணாம்னா விரலால ஓரமா தள்ளிடுங்க. பழைய வீடியோல இருந்து உங்க குரலையே எடுத்து வச்சிருக்கோம்."

அவள் உற்றுப் பார்த்தாள். 'மிகவும் அழகாக இருக்கிறது, நன்றி' என்று திரையில் எழுத்து வந்தது. டிரைவர் சிரித்துவிட்டார்.

"இவ நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லம்மா. வந்த அன்னிக்கே ரிப்பேரா?"

"பழகப் பழகக் கத்துக்கும் சார்."

அது கற்றுக்கொள்வதற்குள் அவள் காலில் ஆறாமலிருந்த புண் கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பாதத்தை எடுத்துவிடலாம், அல்லது சில நாள் மருந்து ஏற்றிப் பார்க்கலாம், இரண்டிலும் ஆபத்து உண்டு என்றார் சர்ஜன். அவர் போனபின், பணிவான வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் அவள் தனக்கு வேண்டியதைப் பிடித்தாள்: "முதல்ல மருந்து. ஓடுற வண்டில இருபது வருஷம் நின்ன காலுய்யா இது."

"சரி கண்டக்டரம்மா. காலையில டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

காலையில் அவர் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன நேரத்தில் சர்ஜன் வந்தார். டிரைவர் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. நடந்ததை வீடியோவில் காட்டினார்கள்.

"புண் பரவுதும்மா. பாதத்தை எடுத்துடறதுதான் நல்லது. சம்மதமா?"

திரையில் எழுத்து ஓடியது. அவள் கண்கள் விரிந்தன. கை மேலெழுந்து டேப்பின் மேல் விழுந்தது. ஒரே தட்டு.

"சரி டாக்டர், உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ செய்யுங்க" என்றது அவள் குரல்.

"யோசிச்சுதானே சொல்றீங்க?"

இன்னும் பலமாக, ஒரே தட்டு. "நல்லா யோசிச்சுட்டேன் டாக்டர்."

"இன்னிக்கே செய்யலாமா?"

இம்முறை முஷ்டி. "சீக்கிரம் செஞ்சுடுங்க. நன்றி."

சர்ஜன் வீடியோவை நிறுத்தினார். "அவங்க குரல்தானே சார்? மூணு தடவை கேட்டோம்."

"ஒண்ணு தட்டினா நிறுத்துன்னு அர்த்தம் டாக்டர்." டிரைவரின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. "இருபது வருஷம் நான் பிரேக் போட்டிருக்கேன்."

"அது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"



மாலையில் அவள் கண் விழித்தாள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது. அதையே பார்த்தபடி கிடந்தாள். மார்பின் மேலிருந்த டேப்பில் எழுத்து வந்தது: 'இப்போது பரவாயில்லை. அனைவருக்கும் நன்றி.'

அவள் கை அதை நோக்கிப் போய் அந்தரத்திலேயே நின்றது. பக்கவாட்டில் தடவி, கட்டிலின் இரும்புக் கம்பியைக் கண்டுபிடித்தது.

டக்.

அவர் டேப்பை எடுத்துக் கவிழ்த்தார். அந்தப் பக்கத்திலும் அதே வாக்கியம். மடித்து, தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"நிறுத்திட்டேன் கண்டக்டரம்மா. வண்டி நின்னுடுச்சு."

டக் என்றாள் மறுபடியும். அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். விடுவித்துக்கொண்டு மறுபடி ஒன்று. 'போ' என்னும் இரண்டாவது தட்டுக்காக அவர் காத்திருந்தார். ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து ஒன்று.