முட்டைக்கான கோடு

ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து வாழும் புழுக்களை அரைத்து, அவற்றின் புரதங்களைப் பிரித்திருந்தேன். ஜெல் தகட்டில் அவை நீலக் கோடுகளாகத் தெரிய ஆரம்பித்தபோது கைப்பேசி அடித்தது. வீடியோ அழைப்பில் என் வீட்டுக்காரர். கப்பலில் எஞ்சினியர். நடுக்கடலில் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு; கையுறையைக் கழற்றுவதற்குள் கட்டாகிவிடுமோ என்று பதறிப்போனேன்.

"என்ன புழுராணி, உன் குடிமக்கள் எல்லாம் சௌக்கியமா?"

முகம் கறுத்து இளைத்திருந்தது. தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரையைத் தொட்டும் பார்த்தேன். ஏதோ பொத்தானில் விரல் பட்டு என் குரல் அவருக்குக் கேட்காமல் போய், மறுபடி தட்டிச் சரிசெய்தேன்.

"இன்னொரு தடவை கான்ட்ராக்ட்டை நீட்டிக்கச் சொல்றாங்க. இன்னைக்கே பதில் சொல்லணும். என்ன சொல்ற? உனக்குத்தான் பழகிப்போச்சே."

எல்லாரும் சொல்வது இதைத்தான். கேஸ் தீர்ந்தால் மாற்றிவிடுகிறாள், குழாய் உடைந்தால் ஆள் பிடிக்கிறாள், கெட்டிக்காரி. குழந்தைப் பேச்சு மட்டும் அவர் ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் 'அடுத்த தடவை' என்று தள்ளிப்போகும். வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போலப் புழுப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்டோட உடம்பு இதுங்களைக் கொல்ல பெராக்சைடு விடும்ல, அதையே நானும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினேன். சாகல. தன்னைக் காப்பாத்துற புரதத்தை மேல மேல செஞ்சுக்குது. இந்தக் கோடு எவ்ளோ தடிமனா இருக்கு பாருங்க."

"பாத்தியா, உன்ன மாதிரியே கெட்டி!"

"இருங்க. இன்னொரு கோடு இருக்கு, அது முட்டைக்கான புரதம்."

கேமராவைக் கீழே இறக்கினேன். பெராக்சைடு படாத புழுக்களின் பக்கம் அந்தக் கோடு பளிச்சென்றிருந்தது. பட்டவற்றின் பக்கம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும்.

"அரைக்கிற வரைக்கும் நல்லாத்தான் நெளிஞ்சுதுங்க. ஆனா இருந்த தெம்பையெல்லாம் சமாளிக்கவே செலவழிச்சிடுச்சு. முட்டை வைக்கல."

அவர் சிரிக்க வாயெடுத்தார். சிரிக்கவில்லை.

"எனக்குப் பழகலங்க," என்றேன்.

பின்னாலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு."

காட்டினேன். அவர் முகம் நெருங்கி நெருங்கி, கடைசியில் நெற்றி மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது. அந்த மங்கல் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.