மூன்றாவது மணி

...ஒரு தடவைதான் கேட்கணும், ஒரே ஒரு தடவை, என்று டீச்சரம்மா ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள், நகத்தில் சிவப்புப் பூச்சு பாதி உரிந்திருந்தது, அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதுவும் நினைவுக்கு வராது என்று நினைத்தாள் வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த அவள், வராமல் இருக்குமா, வந்தது, நேற்று மதியம் அக்கா சோபா நுனியில் உட்கார்ந்திருந்த மாதிரி அப்படியே வந்தது, பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் உட்காருவதுபோல, மடியில் பை, பையின் ஜிப் முழுசாக மூடாமல் ஒரு துண்டின் ஓரம் வெளியே தெரிய... சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவள் எதற்குத் துண்டு கொண்டு வருகிறாள்? கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? தோன்றியது. அதுதான் சங்கடம்.

ஹோட்டல் ஊழியர்கள் சாப்பிடும் அறையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாரத்தில் இரண்டு நாள் இந்த இங்கிலீஷ் வகுப்பு, மூன்று மணியிலிருந்து நாலு வரை, எல்லாம் லிப்ட்காரர் புண்ணியம். யாரோ ஒரு விருந்தாளியிடம் தன் பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டியிருக்கிறார், அவர் வேண்டாம் என்றிருக்கிறார், இவர் விடுவாரா, அட சும்மா சாப்பிடுங்க சார் என்று ஐந்தாவது மாடி வரை விரட்டி விரட்டி உபசரித்து, கதவு திறந்ததும் அந்த மனுஷர் ஓடியே போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் துணி மடிக்கிற அவளும், இஸ்திரிக்காரரும், பாத்திரம் கழுவுகிறவர்களும் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, வுட் யூ லைக் சம் டீ, நோ தேங்க் யூ, என்று கோரஸ் பாடுகிறார்கள். வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம், அதை நம்பணும், நம்புறதுதான் மரியாதை, திருப்பித் திருப்பிக் கேட்டா அவங்க பேச்சை நாம மதிக்கலைன்னு ஆயிடும்... போன வாரம் டீச்சரம்மா இதைச் சொன்னபோது எவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு! என்ன சுத்தமான ஏற்பாடு என்று தோன்றியது, துவைத்து மடித்த விரிப்பு மாதிரி, ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம்கூடச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டாள், நம்ம ஆளுங்களுக்கு நாகரிகமே தெரியலைங்க என்று. நாகரிகம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது இப்போது.

அக்கா மூன்று தடவை கேட்காமல் எதையும் வாங்கியதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மூணாவது மணி அடிச்சாத்தான் இவ நாடகம் ஆரம்பிக்கும் என்று அப்பா கேலி செய்வார், வீட்டில் அதுவே பேராகிப் போனது, மூணாவது மணி. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வேண்டாம், வேண்டாம்பா, ஐயோ வேண்டாம்னா, என்று கையால் இலையை மறைத்துவிட்டு நாலாவது நிமிஷம் எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பாள், தங்கைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பாள். ஐம்பது வருஷமாகத் தெரிந்த சங்கதி. அப்படியிருக்க, நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு, முகமெல்லாம் வெயில் குடித்து வந்து நின்றவளிடம், "சாப்பிடுறியாக்கா?" என்று கேட்டாள். "வேண்டாம்டி, வர வழியில ஆச்சு" என்றாள் அக்கா. "சரிக்கா" என்றாள் இவள்.

சரிக்கா! சொன்ன உடனே அக்கா முகத்தில் என்னவோ நடந்தது, படியில் இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கும் என்று கால் வைத்து இல்லாமல் போனால் வருமே, அந்த முகம், ஒரு நொடிதான், பிறகு தண்ணீர் மட்டும் கொடு போதும் என்றாள். இரண்டு டம்ளர் குடித்தாள். அடுப்படியில் சோறு இருந்தது, அவித்த முட்டை இரண்டு இருந்தன, மூடிதான் போட்டிருந்தது. "உன் வீட்டுல காத்து நல்லா வருதுடி" என்றாள் அக்கா, ஆமாக்கா என்றாள் இவள். "அவர் எங்க, ஊர்ல இல்லையா?" என்றாள், இருக்கார், ராத்திரி வந்துடுவார் என்றாள் இவள். "எங்க வீட்டுல இப்பல்லாம் சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள் அக்கா, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, என்ன சத்தம் என்று கேட்க வேண்டாமா, மகனா மருமகளா, என்ன நடந்தது என்று... அப்படியாக்கா என்றாள் இவள். ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைத்திருக்கிறாள், ஒவ்வொன்றையும் இவள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கடைசியில் அக்கா எழுந்து வாசலில் நின்று, "அப்ப நான் கிளம்பட்டா?" என்றாள். அது கேள்வி. உட்காரு, எங்க கிளம்புற, என்று பதில் சொல்வதற்காகவே உலகத்தில் கேட்கப்படுகிற கேள்வி. "பத்திரமா போயிட்டு வாக்கா" என்றாள் இவள், தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை.

காலையில் அக்கா மகன் போன் செய்தான், இவள் விரிப்புகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "சித்தி, அம்மா போன் எடுக்கல, அங்கதானே இருக்காங்க? சித்தி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வரேன்னு கோவமாப் போனாங்க." வாய் கூசாமல் சொன்னாள், "இங்கதாம்பா, குளிக்கிறா." குளிக்கிறாளாம்! அடிப்பாவி, எங்கே குளிக்கிறாள், எந்தக் குழாயில், நேற்று ராத்திரி எங்கே படுத்தாள், யார் வீட்டில், அக்காவுக்கு இந்த ஊரில் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அப்புறம் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், மணி அடித்து அடித்து நின்றது. போன் செய்தவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனாவது தேடியிருப்பான், அதுவும் வேண்டாம், அவன் என்ன நினைப்பான் என்கிற கவலை, கூடப் பிறந்தவள் காணாமல் போனதைவிடத் தன் மானம் பெரிதாகப் போயிற்று.

"அடுத்தது நீங்க ரெண்டு பேரும், வாங்க." டீச்சரம்மா அவளையும் இஸ்திரிக்காரரையும் கூப்பிட்டாள். காலி கப்பைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். இஸ்திரிக்காரர் விருந்தாளியாம், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார், எல்லாரும் சிரித்தார்கள். வுட் யூ லைக் சம் டீ, சார்? நோ தேங்க் யூ. இப்போது புன்னகை செய்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம், அவளுக்குக் கால் நகரவில்லை. நேற்று நீ டீச்சரம்மா சொன்னதை நினைத்துக்கொண்டா அக்காவிடம் ஒரு தடவை கேட்டாய்? பாடம் இடம் மாறிப் போய்விட்டதா, ஹோட்டல் எது வீடு எது என்று தெரியாத அளவுக்கு நீ என்ன பாப்பாவா? இல்லை, நேற்றுத் தூக்கம் வந்தது. வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே மடித்த கால்களுக்கு அந்த ஒரு மதியம், பாயை விரித்து வைத்திருந்தாள், அப்போதுதான் கதவு தட்டும் சத்தம், அக்காவின் பை, நாலு நாளாவது இருப்பாள் என்று துண்டைப் பார்த்ததுமே கணக்குப் போட்டாயிற்று. அதற்கு மேல் நாகரிகத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. ஒரு மத்தியானத் தூக்கம். முகமெல்லாம் எரிந்தது, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தெரிந்திருக்குமோ இவர்களுக்கு?

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அக்கா. "மே ஐ கோ அவுட், ப்ளீஸ்?" என்று டீச்சரம்மாவைப் பார்த்துக் கேட்டாள், எங்கிருந்து வந்ததோ, ஒரு பிசிறில்லாமல் வந்தது. "வெரி குட்! கேட்டீங்களா எல்லாரும், இப்படித்தான் கேட்கணும்" என்று டீச்சரம்மா கைதட்டினாள், வகுப்பே கைதட்டியது, அந்தக் கைதட்டலுக்கு நடுவே கப்போடும் தட்டோடும் அவள் வெளியே வந்தாள்.

துணி வண்டிகள் நிற்கிற நடையில், ஈர விரிப்பின் வாசனைக்கு நடுவில் நின்று, "அக்கா, எங்கக்கா இருக்கே?" என்றாள். "வீட்டுலதான்டி, எங்க இருப்பேன்" என்றாள் அக்கா, அவள் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எந்த பஸ் எந்த மேடையில் என்று வாசித்துக்கொண்டிருந்தது. வீட்டில்தான். இதுவும் ஒரு வேண்டாம். "சாப்பிட்டியாக்கா?" "ஆச்சு, ஆச்சு." ஒன்று. "நிஜமா சாப்பிட்டியா?" "அட, சாப்பிட்டேங்கிறேன், நச்சரிக்காதே." இரண்டு. ஒலிபெருக்கி நின்றது. "அப்ப வெச்சிடட்டா?" என்றாள் அக்கா, நேற்று வாசலில் கேட்ட அதே குரல், ஒரு இழை மாறவில்லை.

"வைக்காதக்கா."

அக்கா வைக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வாக்கா, இரண்டே வார்த்தை, அதைச் சொல்வதற்குள் மனசு ஒரு ஓரமாகப் பாயை எங்கே போடுவது, அவர் என்ன சொல்வார் என்று பார்க்கத் தொடங்கியிருந்தது, இப்போதுமா, இன்னும் வெட்கம் வரவில்லையா உனக்கு... அப்போதுதான் தோன்றியது அவளுக்கு, அக்கா இத்தனை வருஷமாக மூன்று தடவை கேட்க வைத்தது பிகுவுக்காக இல்லையோ என்று. முதல் தடவை வாய் கேட்கும், இரண்டாவது தடவை பழக்கம் கேட்கும், மூன்றாவது தடவைதான் ஆள் நிஜமாகக் கூப்பிடுகிறாளா என்று குரலில் தெரியும், அதற்காகத்தான் அக்கா பந்தியில் இலையை மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, காத்திருந்திருக்கிறாள். இப்போதும் காத்திருக்கிறாள். தன் குரலில் என்ன கேட்கப் போகிறதோ என்று தெரியாமல் அவள் வாயைத் திறந்தாள், காலி கப் வைத்த தட்டு இன்னும் கையிலேயே இருந்தது.