ஓரம் கோணாத லேபிள்

லேபிள் ஒட்டுகிறவள் எழுத்தைப் பார்ப்பதில்லை. ஓரம் கோணாமல் இருந்தால் போதும். மனசுக்குத் தெம்பு தரும் என்று கடைகளில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கிற மூலிகை மாத்திரை டப்பாக்களில், ஆறு வருடமாக அப்படித்தான் ஒட்டினேன். மூடி நசுங்கிய டப்பாக்களை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள்.

மனச்சோர்வுக்கு டாக்டர் தந்த மாத்திரையை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன் என்பது யாருக்கும் தெரியாது. சொல்ல ஆள் வேண்டுமே. ஞாயிறுதோறும் அக்கா போன் செய்வாள். நல்லா இருக்கேன் என்பேன், அவளும் அதையே சொல்வாள், பேச்சு முடிந்துவிடும். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மூலிகையை மருந்தென்று யார் நினைப்பார்கள்? இரண்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் தேறிவிடலாம் என்று என் பெரிய மூளை கணக்குப் போட்டது. நசுங்கிய டப்பா ஒன்றைத் திறந்து தினமும் சாப்பிட ஆரம்பித்தேன்.

பத்தாம் நாள் கை நடுங்கி லேபிள்கள் கோணின. மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தார். சட்டை வியர்வையில் நனைந்தது, நெஞ்சு படபடத்தது, கால் தன்பாட்டுக்குத் துடித்தது. அங்கேயே விழுந்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் என் பையிலிருந்த டப்பாவைத் திருப்பி, லேபிளின் அடிவரியை வாசித்துக் காட்டினார்: மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் இதைத் தவிர்க்கவும். இரண்டும் மூளையில் ஒரே ரசாயனத்தைக் கூட்டுமாம். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தாம். இரண்டையும் நிறுத்தி ஊசி போட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

யாருக்குத் தகவல் சொல்லணும் என்று நர்ஸ் கேட்டாள். யாருமில்லை என்றேன். அவள் நகரவில்லை. அக்காவின் எண்ணைச் சொன்னேன்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்:

"நானும் மனச்சோர்வுக்கு டாக்டர் தர்ற மாத்திரைதான்டி சாப்பிடுறேன். மூணு வருஷமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் அவள் பிறந்தநாளுக்கு எங்கள் டப்பா இரண்டை அனுப்பியிருந்தேன்.

"அக்கா, நான் அனுப்பின டப்பாவைத் திறந்துட்டியா?"

"இல்லடி. நீ அனுப்பினதுன்னு அப்படியே எடுத்து வெச்சிருக்கேன். திறந்தா தீர்ந்துடுமே."

நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்விட்டு அழுதேன். அந்தப் பக்கம் அக்காவும்தான்.