தானாக நின்ற வண்டி

சிவசங்கரிக்கு அந்த நிலாப் பயண ஒத்திகை ஒழுங்காக முடிந்தாக வேண்டும். அவளுடைய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் குழுத் தலைவர் புருஷோத்தமன் கையில் இருந்தது.

வேலை, ரோவர் வண்டியைத் தூரத்திலிருந்து ஓட்டுவது. வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்குவாரியை நிலா என்று வைத்துக்கொண்டு வண்டி ஊர்ந்தது. இவள் திருப்பதியில் ஏசி அறையில் உட்கார்ந்து ஓட்டினாள். கூடவே பதினாலு விஞ்ஞானிகள். சட்டென்று முடிவெடுக்க வேண்டுமாம், அதனால் கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் பிரிப்பதுபோல புருஷோத்தமன் பொறுப்புகளைப் பிரித்திருந்தார். கல்லைப் பார்க்க ஒருவர், பார்த்ததை எழுத ஒருவர், எழுதியதைச் சரிபார்க்க இருவர். ஓட்டுகிறவளிடம் அவர்களில் தருண் மட்டுமே பேசலாம். அவன் ‘நட’ என்றால் வண்டி போகும். ‘நில்’ என்று அவன் சொல்லாமல் இவள் நிறுத்தக் கூடாது.

திரையில் பள்ளம் தெரிந்தது.

“தருண், பள்ளம் வருது!”

“எனுக்கும் தெரியுது. அத்த ஆதிநாராயணன் சார்தான் சொல்லணும், ஆபத்து அவரு பொறுப்பு. கெஸ்ட்ட கூட்டியார ரேணிகுண்டாவுக்குப் போய்க்கினு இருக்காரு.”

“போன் பண்ணுப்பா!”

“போனு சந்தியா மேடம் பொறுப்பு. அவுங்க வடை துன்னுகினு இருக்காங்க.”

கல்லைப் பார்ப்பவர் பள்ளத்தின் விளிம்பை மகிழ்ச்சியாக வர்ணித்தார். எழுதுபவர் எழுதினார். “சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு! யாரும் யார் வேலைலயும் தலையிடல பாருங்க,” என்று பூரித்துப்போனார் புருஷோத்தமன்.

சிவசங்கரி கணக்குப் போட்டாள். வண்டி விழுந்தால் பழி அவள் தலையில். நிறுத்தினால் விதியை மீறினவள். எப்படியும் வேலை போகப்போகிறது, வண்டியாவது மிஞ்சட்டும் என்று பொத்தானை அழுத்தினாள். முன்சக்கரம் விளிம்பில் நின்றது.

உடனே கூட்டம் கூடியது. ஆதிநாராயணன் ஊரில் இல்லை, தருண் ‘நில்’ சொல்லவில்லை. ஆகவே வண்டி தானாகத்தான் நின்றிருக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

“நாந்தான் சார் நிறுத்தனேன்.”

“ஓட்டறவங்க கூட்டத்துல பேசக் கூடாதும்மா,” என்றார் புருஷோத்தமன் கனிவாக. பிறகு பட்டியலைப் புரட்டினார். கோளாறு கண்டுபிடிக்க ஆளே இல்லை. வண்டி நின்றுவிட்டதால் அறையில் பொறுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

“வண்டி ஏன் நின்னுச்சுன்னு இனிமே நீதான் கண்டுபிடிக்கணும். காண்ட்ராக்ட் ஆறு மாசம் நீட்டிக்கிறேன். போதுமா?”

சிவசங்கரி தன் விரலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“பத்தாது சார்,” என்றாள். “பெரிய கோளாறு. ஒரு வருசமாவது ஆவும்.”