ஃபேஸ் டு ஃபேஸ்

எழுபத்தெட்டில் நெய்வேலிச் சுரங்கத்தின் கன்ட்ரோல் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி குழந்தைவேலுடையது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். வெட்டிய மண்ணைச் சுமந்து போகும் பெல்ட் எங்கே ஓடுகிறது, எங்கே நின்றது என்று விளக்குகள் காட்டும் பலகையைப் பார்த்து, கீழே மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களுக்கு டெலிபோனில் தகவல் சொல்வது எங்கள் வேலை. ‘ங்க’ போடாமல் அவர் யாரையும் அழைத்து நான் கேட்டதில்லை. இயந்திரம் ஓட்டும் இசக்கிமுத்துவின் குரல் வந்தால் மட்டும் அவர் முகம் சுருங்கிவிடும்.

“என்னவே, பெல்ட்ட நிறுத்திட்டீரு? சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?” என்று அந்தக் குரல் அதிரும்.

“வே-யாமா! அவனூட்டுப் பண்ணையத்தாளுங்களா நானு?” என்று என்னிடம் பொருமுவார். பிறகு அவரும் பதிலுக்குக் கத்துவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் சண்டை முற்றி, பேச்சின் நடுவே குழந்தைவேல் ரிசீவரை வைத்துவிட்டார். புதிதாக வந்திருந்த இன்ஜினியர் ஜெயராமன் அதைப் பார்த்துவிட்டார்.

“போன்ல கத்தினது போதும். நாளைக்கு அந்த மிஷினுக்கு மெயின்டெனன்ஸ், அதோட பெல்ட்டும் ஓடாது. காலைல ரெண்டு பேரும் ஃபேஸ் டு ஃபேஸ் பேசி முடிச்சிடுங்க. நானும் இருப்பேன்” என்றார். இசக்கிமுத்துவுக்கும் போனில் அதையே சொன்னார்.

எங்கள் ஊழியர்களுக்கு ‘ஃபேஸ்’ என்றால் ஒன்றுதான்: சுரங்கத்தில் இயந்திரம் வெட்டிக்கொண்டிருக்கும் மண்சுவர். மறுநாள் குழந்தைவேல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

“ஃபேஸுக்கே வரச் சொல்லிட்டாருங்க. போகாம இருந்தா பயந்துட்டான்னு சொல்லுவானுங்க. துணைக்கு வாங்க.”

சித்திரை வெயில். ஷிஃப்ட் வண்டி இறக்கிவிட்ட இடத்திலிருந்து புழுதியில் நடந்தோம். இத்தனை வருடம் பலகையில் ஒரு சிவப்பு விளக்காகவே பார்த்திருந்த இயந்திரம் தெருவளவு நீளத்தில் எதிரே நின்றது. குழந்தைவேல் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். சற்றுத் தள்ளி இன்னொரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

நிழலில் ஓர் ஒல்லியான, குட்டையான மனிதர் எழுந்து நின்றார். பெரிய மீசைக்காரனைத் தேடி வந்த எங்களுக்கு அவர்தான் இசக்கிமுத்து என்று நம்ப முடியவில்லை.

“வாரும்வே, உக்காரும்! வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்திருக்கீரே!” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தும் அப்படித்தான் கத்த வேண்டியிருந்தது.

குழந்தைவேல் உட்காரவில்லை. “அந்த ‘வே’ வேண்டாமுங்க. மரியாதையில்லாமப் பேசறீங்க.”

இசக்கிமுத்து திகைத்தார். “மரியாதையில்லாமலா? எங்க திருநவேலியில மாமனையே அப்படித்தான்வே கூப்பிடுவோம். சின்னப்பயல்னாதான் ‘ஏலே’. உம்ம நான் ஒருநாளாச்சும் ‘ஏலே’ன்னேனா?”

குழந்தைவேல் தலைத்துண்டை அவிழ்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். “இந்தச் சத்தத்துல கத்தாம என்னங்க பண்ணுவீங்க? எனக்குத் தெரியாமப் போச்சுங்க. பெல்ட்ட நிறுத்தறதுக்கு முன்னால இனிமே குரல் கொடுக்கறனுங்க” என்றார்.

இசக்கிமுத்து தூக்குவாளியின் மூடியில் புளியோதரையை எடுத்து வைத்து நீட்டினார். அப்போது ஜீப்பில் ஜெயராமன் வந்து இறங்கினார்.

“ரெண்டு பேருக்கும் டீ சொல்லிட்டு என் ரூம்ல காத்துக்கினு இருக்கேன், இங்க என்ன பண்றீங்க? ஃபேஸ் டு ஃபேஸ்னா நேருக்கு நேர், முகத்தப் பார்த்துப் பேசறது!”

குழந்தைவேல் பதறி எழுந்தார். “தப்பாப் புரிஞ்சுக்கிட்டனுங்க சார்.”

ஜெயராமன் இரைச்சல் வந்த திசையைப் பார்த்தார். மூடியில் இருந்த சோற்றைப் பார்த்தார். “தப்பே இல்ல. உக்காருங்க” என்று தானும் தரையில் உட்கார்ந்து கை நீட்டினார்.

அதற்குப் பிறகு எந்த இயந்திரத்துக்குப் புது ஆள் வந்தாலும் குழந்தைவேல் தன் விடுமுறை நாளில் கீழே இறங்கிப்போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். ஐப்பசி மழையில் சேறு முழங்கால்வரை ஏறியபோதும் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவர் குரலைக் கேட்டுக் கீழே ஒருவரும் எதிர்த்துப் பேசி நான் பிறகு கேட்டதில்லை.