நிதானப்படுத்துதல்

பிராட்பேண்ட் கம்பெனியின் வக்கீலுக்குப் பேச்சில் தேன் ஒழுகும். அன்றைக்கு ஒழுகி ஒழுகி தொலைத்தொடர்பு ஆணையத்தின் மேசையே பிசுபிசுத்துப் போயிற்று.

"இந்த வரைவு விதியோட முன்னுரையில 'கம்பெனி சில இணையத் தளங்களை மெதுவாக்குகிறது'ன்னு இருக்கு. மனசு கஷ்டமா இருக்கு சார். நாங்க யாரையும் மெதுவாக்கல. கொஞ்சம் நிதானப்படுத்துறோம், அவ்வளவுதான்."

மேசைக் கோடியில் மடிக்கணினியில் வரைவைத் தமிழாக்கிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நிதானம் யார் தலையில் விடியும் என்று தெரியும். அவளுடைய அக்கா இணையத்தில் கணக்குப் பாடம் நடத்திப் பிழைப்பவள். இதே கம்பெனி சொந்தமாக டியூஷன் தொடங்கியதிலிருந்து அக்காவின் வகுப்பு மட்டும் திக்கித் திணறுகிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். "இன்னிக்கு விதி வரலேன்னா கடையைக் கட்டிட வேண்டியதுதான்டி" என்று காலையில்தான் மூக்கைச் சிந்தினாள்.

அந்த விதி வரைவில் இருந்தது: எந்தத் தளத்தையும் மெதுவாக்கக் கூடாது. வக்கீல் அதைத் தொடவே இல்லை. எதற்குத் தொட வேண்டும்? தடை மெதுவாக்குவதற்கு, கம்பெனி செய்வதோ நிதானப்படுத்துவது. முன்னுரையில் ஒரு சொல் மாறினால் போதும், விதி வெறும் சுவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும்.

"நி-தா-னம்!" தலைவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். நல்ல தமிழைக் கேட்டால் அவருக்குச் சட்டம் மறந்துவிடும். "பிரமாதம். மாத்திடும்மா."

"முன்னுரையில மட்டும் போதும் சார்" என்றார் வக்கீல், பெருந்தன்மையாக.

அங்கேதான் வந்தது வினை. தலைவர் முகம் கோணியது. "அதெப்படிங்க? ஒரு விஷயத்துக்கு ரெண்டு சொல்லா? என் ஆணையத்துல அந்தப் பழக்கமே கிடையாது. எல்லா இடத்துலயும் மாத்தும்மா."

அவள் விதி இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். "எல்லா இடத்துலயுமா சார்?"

"காது கேக்கலையா?"

வக்கீல் அதற்குள் மேசைக்கடியில் முதலாளிக்கு வெற்றிச் செய்தி தட்டிக்கொண்டிருந்தார். அவள் முன்னுரையிலும் விதியிலும் மாற்றினாள்.

தலைவர் எழுந்து நின்று, கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் இழுத்து வாசித்தார்: "எந்தத் தளத்தையும் எக்காரணம் கொண்டும் நிதானப்படுத்தக் கூடாது." உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். நிறைவேறியது.

வக்கீலின் போன் கீழே விழுந்தது. "சார், சார்! நிதானம் வேற, மெதுவு வேற!"

"நீங்கதானே அதுக்குப் பதிலா இதைப் போடச் சொன்னீங்க? நல்ல சொல் குடுத்தீங்க. உங்க பேரையும் குறிப்புல போடச் சொல்லிடுறேன்."

வராந்தாவில் வக்கீல் அவளை மடக்கினார். தேன் இன்னும் வற்றவில்லை. "மேடம், 'பதப்படுத்துதல்'னா எப்படி இருக்கும்? சும்மா, அடுத்த திருத்தத்துக்குத்தான்."

அவள் ஒதுங்கிப் போய் அக்காவைக் கூப்பிட்டாள். "விதி வந்துடுச்சுக்கா. பிள்ளைங்களைச் சீக்கிரமா சேத்துக்கோ. இந்த ஆளு அகராதியைப் புரட்ட ஆரம்பிச்சுட்டான்."